பத்தரை நொடி

வண்டிக்காரர்: பத்தரை நொடி ஆகிறது அண்ணா. இனிமேல் தாங்காது.

மெக்கானிக்: பேட்டரிதான் தம்பி. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். வெந்நீர் ஊற்றித் துடைத்தால் சரியாகிவிடும்.

வண்டிக்காரர்: ஸ்டார்ட் எல்லாம் ஒரே செல்ஃபில் ஆகிறது.

மெக்கானிக்: அப்போ ஏசியா? 2002 மாடலில் பத்தரை நொடியில் ஜில்லென்று வருகிறதா? கும்பிட்டுக்கங்க.

வண்டிக்காரர்: நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட அண்ணா!

மெக்கானிக்: எந்த நூறை?

வண்டிக்காரர்: ஸ்பீடு. போனில் அளந்தேன். நீலாம்பூர் பைபாஸ், விடிகாலை அஞ்சு மணி.

மெக்கானிக்: அந்நேரத்துக்குப் பால் வண்டிதானே போகும். அதோடயா போட்டி?

(பட்டறையில் பாதி இடம் பழைய ஹோண்டா சிட்டி விடெக்குகளுக்குத்தான். இவர் வந்ததும் அதில் ஒன்று. கோயமுத்தூரில் அந்த வண்டியைக் குறை சொன்னால் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.)

வண்டிக்காரர்: ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்ட். ரெண்டு லிட்டர் டர்போ, 230 குதிரை. நம்ம வண்டி வெறும் 106.

மெக்கானிக்: அந்த 106-இல் எத்தனையை இதுவரைக்கும் அவிழ்த்து விட்டிருக்கீங்க? போன சர்வீஸில் பிளக்கைக் கழற்றினேன், நாலும் கரி. இஞ்சின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் நல்லா மேலே ஏறினால்தான், கூடுதல் இழுவை தர்ற அந்த விடெக் கண்ணையே திறக்கும். நீங்க ரெண்டாயிரம் ஆர்பிஎம்மிலேயே கியர் மாத்துற ஆளு.

வண்டிக்காரர்: பின்சீட்டில் அம்மா இருப்பாங்க அண்ணா.

மெக்கானிக்: புது வண்டியில் அம்மாவுக்கு சீட் இல்லையா?

வண்டிக்காரர்: அதை விடுங்க. அது 6.8 நொடியில் நூறு. 3.7 நொடி மிச்சம்!

மெக்கானிக்: சரி, அந்த 3.7 நொடியை மிச்சம் பிடித்து என்ன பண்ணப் போறீங்க?

வண்டிக்காரர்: இப்போதான் அவினாசி ரோட்டில் மேம்பாலம் வந்துவிட்டதே. உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரைக்கும் பத்து கிலோமீட்டர், சிக்னலே கிடையாது.

மெக்கானிக்: உங்க வீடு எங்கே?

வண்டிக்காரர்: பீளமேடு.

மெக்கானிக்: ஆபீஸ்?

வண்டிக்காரர்: ...பீளமேடு.

மெக்கானிக்: பாலத்துக்குக் கீழே நிழலாவது இருக்கும், போங்க.

வண்டிக்காரர்: இன்னொன்றும் இருக்கிறது அண்ணா. அடுத்த வருஷம் ஆர்சி புதுப்பிக்கணும். இருபது வருஷம் தாண்டிய காருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஆக்கிவிட்டார்கள்.

மெக்கானிக்: அது அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா. ஆர்எஸ்ஸில் தானாகவே கியர் மாத்துற டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். அதுக்கென்று தனி ஆயில், தனி ஃபில்டர். பில்லைப் பார்த்தால் ஆர்சி பத்தாயிரம் பரவாயில்லை என்பீங்க. நாலு டயரும் மாத்தினால் நீங்களே எனக்கு போன் போட்டு அழுவீங்க. அதுவும் 3.7 நொடிக்குள்ளே.

வண்டிக்காரர்: விளையாடாதீங்க.

மெக்கானிக்: யார் விளையாடுறது? மாருதி 800-இன் இஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ரேஸ் கார் கட்டினவர் நம்ம ஊர் கரிவர்தன். 796 சிசி, தம்பி. ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நரேன் கார்த்திகேயன் அதில்தான் ஓட்ட ஆரம்பித்தார். உங்களுக்கு ஆயிரத்தி ஐநூறு சிசி பத்தலை. ஆசையாக இருந்தால் செட்டிபாளையத்தில் கரிவர்தன் பேரிலேயே கரி ரேஸ் டிராக் இருக்கிறது, இதையே கொண்டுபோய் விரட்டுங்க. சரி, உண்மையைச் சொல்லுங்க. யார் முந்தினது?

வண்டிக்காரர்: யாரும் முந்தலை.

மெக்கானிக்: தம்பி.

வண்டிக்காரர்: ...மச்சான். போன ஞாயிறு, லட்சுமி மில்ஸ் சிக்னல். பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் போய்விட்டான். எலக்ட்ரிக் கார். பின்னால் மூணு குழந்தைகள், ஒரு பிரியாணி குண்டா.

மெக்கானிக்: என்ன வண்டி?

வண்டிக்காரர்: மஹிந்திரா பிஇ 6. பெரிய பேட்டரி.

மெக்கானிக்: அது நூறுக்கு எத்தனை நொடி?

வண்டிக்காரர்: கம்பெனிக் கணக்கில் 6.7.

மெக்கானிக்: நீங்க வாங்கப் போறது?

வண்டிக்காரர்: 6.8.

(மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. பனியன் துணியில் கையைத் துடைக்கிறார், ஒவ்வொரு விரலாக.)

மெக்கானிக்: ஆக, இவ்வளவு காசு கொட்டியும் அந்த பிரியாணி குண்டாவுக்குப் பின்னால்தான்.

வண்டிக்காரர்: 0.1 நொடிதானே அண்ணா!

மெக்கானிக்: இந்தப் பட்டறைக்கு வருகிற அத்தனை பேரும் நூறைத் தொட எத்தனை நொடி என்றுதான் கேட்கிறீங்க. நூறிலிருந்து நிற்க எத்தனை மீட்டர் என்று ஒருத்தராவது கேட்டதுண்டா? நூறில் போனால் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடும். நாய் குறுக்கே வந்ததைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கிறதுக்குள்ளே அந்த 28 போயாச்சு. உங்க முன் பிரேக் பேடு காகிதம் மாதிரி தேய்ந்திருக்கிறது. மாத்துங்க என்று தீபாவளியிலிருந்து சொல்றேன்.

வண்டிக்காரர்: எப்படியும் விற்கிற வண்டிதானே என்று விட்டுவிட்டேன்.

மெக்கானிக்: எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு சொன்னாங்க?

வண்டிக்காரர்: அறுபதாயிரம்.

மெக்கானிக்: நான் எண்பது தர்றேன்.

வண்டிக்காரர்: அண்ணா! இவ்வளவு நேரம் மாத்தாதே மாத்தாதே என்று...

மெக்கானிக்: நீங்க அதை வாங்காதீங்க என்று சொன்னேன். இதை விற்காதீங்க என்று எப்போ சொன்னேன்?

வண்டிக்காரர்: எண்பதா? அப்போ வெளியே ஒண்ணேகால் போகுமா?

மெக்கானிக்: தொண்ணூறு.

வண்டிக்காரர்: விற்கலை. பேடு மாத்துங்க.

மெக்கானிக்: நல்லா யோசித்துச் சொல்லுங்க தம்பி. 3.7 நொடி தர்றேன்.