எடை குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லை
‘முதலில் எடையைக் குறையுங்கள், அதுவரை நாரிக்கு (கீழ்முதுகுக்கு) ஓய்வு கொடுங்கள்’ என்று, எடை கூடியவர்களின் நாரி நோ பற்றிய உங்கள் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. என் அம்மா 91 கிலோ, நாலு வருட நாரி நோ. பெல்ட் கட்டிப் படுத்திருந்த மாதங்களில் எடையும் கூடியது, நோவும் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் நாட்பட்ட நாரி நோவுக்கான 2023ஆம் ஆண்டு வழிகாட்டி கூட உடற்பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறது, இடுப்புப் பெல்ட்டை அல்ல. பிறகு ஒரு இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை மெல்லத் தூக்கப் பழக்கினார். பின்னேரம் ஒழுங்கைக்குள் பத்து நிமிட நடை. குந்தியிருந்து தேங்காய் துருவுவதை நிறுத்தி, மேசையில் பூட்டும் திருவலை வாங்கினோம். இராப் புட்டு பாதியானது, கீரை கூடியது. மூன்று மாதத்தில் இறங்கியது இரண்டு கிலோதான். ஆனால் அம்மா இப்போது நல்லூர்க் கோயில் வெளிவீதியை எங்கும் இருந்து இளைப்பாறாமல் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்.