ஹெட்டர் ஃபைலை ஒளிச்சு வெச்சு யாரைக் காப்பாத்தப் போறீங்க?

ஹெட்டர் ஃபைல்னா சோர்ஸ் கோடை ஓடுற புரோகிராமா கட்டும்போது, அதாவது பில்டு பண்ணும்போது, கம்பைலர் படிக்கிற ஃபைல். லினக்ஸ்ல "இப்படி பில்டுக்கு மட்டும் வேணுங்கிற பேக்கேஜை யூசர் கண்ணுலயே காட்டக்கூடாது"ன்னு சிலர் திரும்பவும் கிளம்பிட்டாங்க. படிக்கப் படிக்க எரியுது.

அவங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. டெபியன் லினக்ஸ்ல எதையாவது தேடினா 'லிப்ரஸ்ட்'னு ஆரம்பிச்சு 'டெவ்'னு முடியுற, ரஸ்ட் மொழி லைப்ரரி பேக்கேஜா வந்து குவியும். இன்ஸ்டால் பண்ணினா ஓட்டுறதுக்கு ஒரு கமாண்டும் வராது. ரஸ்டோட பில்டு டூலான கார்கோவோட ரெஜிஸ்ட்ரி ஃபோல்டருக்குள்ள வெறும் சோர்ஸ் கோடு போய் உட்காரும். இதெல்லாம் தேடல்ல முன்னாடி வந்து நிக்க வேணாம், சரி. அதுக்காக ஆளையே காணாமப் பண்ணுவீங்களா?

கீக்ஸ்ங்கிற இன்னொரு லினக்ஸ்ல 'ஹிடன்'னு குறிச்சுட்டா தேடினாலும் வராது, பேரைச் சரியா அடிச்சாலும் கிடைக்காது. பேக்கேஜை எழுதி வெச்சிருக்கிற கோடுல எந்த மாட்யூல், எந்த வேரியபிள்னு தெரிஞ்சவன் மட்டும்தான் எடுக்கலாம். 2019-ல ரெட்ஹேட் 8 வந்தப்ப பல டெவெல் பேக்கேஜ் (டெவ் பேக்கேஜுக்கு அங்க அதான் பேரு) தனி ரிப்போவுக்கு, அதாவது தனிக் கிடங்குக்குப் போச்சு, அது தானா ஆன் ஆகாது. ரெட்ஹேட்டை ஒட்டி வர்ற சென்ட்ஓஎஸ் 8-ல அதுக்குப் பேரு பவர்டூல்ஸ், 9-ல சிஆர்பி. பேரு மாறினது தெரியாம பழைய கமாண்டை அடிச்சா எரர்தான். சிலது அங்கயும் வரல.

மண்டபத்துலயோ தங்கச்சிமடத்துலயோ பழைய லேப்டாப்புல கடல் சார்ட் பார்க்க ஓப்பன்சிபிஎன் போட்டவன், அதுக்கு ஒரு பிளகின் கம்பைல் பண்ணணும்னு வைங்க. டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸ்ங்கிற லைப்ரரி கிடைக்கலன்னு, பில்டுக்குத் தயார் பண்ற சிமேக் நின்னுடும். சாஃப்ட்வேர்தான் ஓடுதே, லைப்ரரி இருக்கேன்னு அவன் மண்டையைப் பிச்சுக்குவான். லைப்ரரி இருக்கு, ஹெட்டர் இல்ல. அந்த டெவ் பேக்கேஜ் பேரையும் மறைச்சுட்டா அவன் எதைன்னு தேடுவான்?

காத்துக்காலத்துல கரண்டும் டவரும் மாத்தி மாத்திப் போற கரை இது. ராமநாதபுரம் டவுனுக்கு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் பில்டுக்கு வேண்டியதை எல்லாம் ஒரே தடவையில இறக்கிட்டு வரணும். உபுண்டு 24.04-ல 'உபுண்டு.சோர்சஸ்' ஃபைல்ல 'டைப்ஸ்' வரியில 'டெப்' பக்கத்துல 'டெப்-எஸ்ஆர்சி' (சோர்ஸ் பேக்கேஜ்) சேர்க்கணும். இது முன்னாடியே ஆஃப்ல கிடக்கு, இதுவும் ஒளிப்புதான்! அப்டேட் கொடுத்துட்டு 'ஆப்ட்-கெட் பில்ட்-டெப் ஓப்பன்சிபிஎன்'னு டவுன்லோட்-ஒன்லி ஆப்ஷனோட அடிக்கணும். ஃபைலெல்லாம் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் ஃபோல்டர்ல கிடக்கும். வெறும் 'ஆப்ட்'ல இன்ஸ்டால் பண்ணினா முடிஞ்சதும் அழிச்சிடும்; அடுத்தவனுக்குப் பென்டிரைவ்ல கொடுக்க ஒண்ணும் மிஞ்சாது. கொடுக்கிற மெஷினும் வாங்குற மெஷினும் ஒரே அப்டேட்ல இருக்கணும். டெவ் பேக்கேஜ் பெரும்பாலும் தன் லைப்ரரியோட அதே வெர்ஷனைத்தான் கேட்கும், கடைசி எண் மாறினாக்கூட ஏறாது.

ஃபைபர் படகு ஒட்டுறதுக்கான ரெசினையும் மேட்டையும் எந்தக் கடைக்காரரும் "நீ படகு ஓட்டுறவன்தானே, உனக்கெதுக்கு"ன்னு ஒளிச்சு வைக்கிறதில்ல.

டிஸ்க்ல குப்பை சேரும்ங்கிறது சாக்கு. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜ்ல 'எம்கே-பில்ட்-டெப்ஸ்'னு ஒரு கமாண்டு இருக்கு. இன்ஸ்டால் ஆப்ஷனோட அடிச்சா பில்டுக்கு வேண்டியதை எல்லாம் ஒரே பேக்கேஜோட கட்டி இன்ஸ்டால் பண்ணும். வேலை முடிஞ்சதும் அந்த ஒண்ணைத் தூக்கி ஆட்டோரிமூவ் கொடுத்தா மத்ததும் கூடவே போயிடும்.

டெபியன்ல 'லிப்டெவல்', 'ரஸ்ட்'னு செக்ஷன் ஏற்கெனவே பிரிச்சுத்தான் வெச்சிருக்கு. தேடல்ல அதைக் கீழ தள்ளுங்க, "இன்னும் இத்தனை பில்டு பேக்கேஜ் இருக்கு, பார்க்க இந்த ஆப்ஷன்"னு கடைசியில ஒரு வரி போடுங்க. முழுப் பேரை அடிச்சா மறுபேச்சு இல்லாம இன்ஸ்டால் ஆகணும். சோர்ஸைத் திறந்து கொடுத்துட்டு அதைக் கட்டுற சாமானைப் பூட்டி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.