ரெக்கார்டு ரூமுக்கு ஒரு ஆள் போடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை கல்லூரி முடித்தவர்களின் பட்டத்தில் பெரும்பாலும் சென்னைப் பல்கலைக்கழகம் என்றிருக்கும். 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தபின் சேர்ந்தவர்களுக்குச் சேலம். ஒரே கல்லூரியில் படித்த அப்பாவின் மதிப்பெண் ஓர் ஊரிலும் மகளின் மதிப்பெண் வேறோர் ஊரிலும் இருக்கிறது. இரண்டும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பட்டத்தின் உண்மைத்தன்மைச் சான்று வந்தால்தான் அடுத்த காரியம் நகரும். அந்தச் சான்றுக்கு யாரோ ஒருவர் பழைய மதிப்பெண் பேரேட்டை எடுத்துப் பார்த்தாக வேண்டும். என் உறவினர் ஒருவர், ஆசிரியை, அரூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய், "லெட்ஜர் கிடைக்கலைம்மா, அப்புறம் வாங்க" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார். படித்ததும் பாஸானதும் உண்மை. அதைச் சொல்ல வேண்டிய காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. தமிழில் படித்தோம் என்று கல்லூரி சான்று தர வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தால் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்? வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போன பிள்ளைதான் அங்கே மாட்டிக்கொள்கிறது.

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணியாச்சு" என்கிறார்கள் பல்கலைக்கழகத்தில். சரி, நல்லது. ஆனால் எந்த ஆண்டு, எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று அட்டவணை போடாமல் ஹார்டு டிஸ்க்கில் கொட்டி வைத்தால் தேடி எடுக்க முடியாது. அந்த டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். இன்னொரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். மூலப் பேரேட்டையும் எடைக்குப் போடக்கூடாது. துருப்பிடித்த கிளிப்பையும் இறுகிப்போன ரப்பர் பேண்டையும் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவில் கட்டி, தரையில் வைக்காமல் ரேக்கில் அடுக்கினாலே பல வருஷம் தாங்கும். சூடு வைத்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதற்கும் நம்மிடம் பழைய முறை உண்டு. தாலுகா ஆபீஸில் முடிந்த கோப்பை எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று அதன் மேல் ஒரு குறி போடுவார்கள்: எல்.டிஸ் என்றால் ஓராண்டு, கே.டிஸ் மூன்று, டி.டிஸ் பத்து, ஆர்.டிஸ் நிரந்தரம். பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் பேரேடு, பட்டமளிப்புப் பதிவேடு, ஆட்சிக்குழுத் தீர்மானம், கல்லூரி இணைப்பு ஆணை நான்கும் கண்ணை மூடிக்கொண்டு நிரந்தரம். எல்லா ஆவணங்களையும் வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்கச் சொல்லி, 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவிலேயே இருக்கிறது.

1792-ல் பாராமகால் (நம் பகுதியின் பழைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபின், அதன் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் இங்கே வரி போட எழுதிய குறிப்புகளை எடுத்து வைத்தார்கள். அதனால்தான் அன்றைய விளைச்சலும் நிலவரியும் இன்று நமக்குத் தெரிகிறது. வரி வசூலுக்கு எழுதியதற்கே அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. நம் பிள்ளைகள் படித்த கணக்குக்குக் கிடைக்கக்கூடாதா?

பல்கலைக்கழக ரெக்கார்டு ரூமுக்கு, ஆவணக் காப்பில் பயிற்சி பெற்ற ஒருவரை நிரந்தரப் பணியில் போட வேண்டும். மூடப்படும் தனியார் கல்லூரிகளின் பதிவேடுகளைப் பட்டியலோடு எழுதி வாங்கும் பொறுப்பும் அவருடையதாக இருக்கட்டும். பல்கலைக்கழகத்தின் பேரவையான செனட்டில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.