கழுவ வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது எதற்கு?

சனிக்கிழமை சர்வீஸுக்கு விட்ட என் கறுப்புக் காருக்கு நடந்தது, முந்தைய பதிவைப் படித்த உங்களுக்கெல்லாம் தெரியும், மறுபடி முழுக்கச் சொல்லப்போவதில்லை. என்னென்ன வேலை என்று சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டில் ‘கழுவ வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் ‘ஃப்ரீ வாட்டர் வாஷ்’ செய்து பளபளவென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். ஷெட்டுக்குள் ஒன்றும் தெரியவில்லை. வெயிலுக்கு வந்ததும் பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கீறல்கள். கேட்டதற்கு சூப்பர்வைசர் சொன்ன பதிலையே நேற்றிலிருந்து கமென்ட்டில் நீங்களும் சொல்கிறீர்கள்: “கறுப்பு வண்டி வாங்கினா அப்படித்தான்.”

அப்படி இல்லை. நிறம் கீறாது. அதே துணி வெள்ளை வண்டியிலும் அதே கீறலைத்தான் போடுகிறது. கீறலில் பட்டுச் சிதறும் வெளிச்சம் வெள்ளையில் தெரியாமல் போகும், கறுப்பில் எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். கீறுவது தூசி. தூசி மேலே இருக்கும்போது துணியை வைத்தால் கீறும்.

நம் சேலத்துத் தூசியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்து கதவைத் தொட்டுப் பாருங்கள், விரலில் நறநறவென்று இருக்கும். ரோட்டு மணலும் அதில் சேர்ந்திருக்கும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பையே கீறும். பெயின்டுக்கு மேலே நிறமில்லாமல் இருக்கும் பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஜெராக்ஸ் தாளின் கனத்தில் ஏறக்குறைய பாதி. அதன் மேல் அந்த மணலை வைத்துத் துணியால் அழுத்தித் தேய்க்கிறார்கள்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் முதலாளிக்கு டிரைவராக இருந்தார். கறுப்பு அம்பாசடர். மழைக்காலத்தில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தால் வண்டியில் பாதி சேறாக இருக்கும். பிரஷர் பம்ப் கிடையாது, கார் ஷாம்பு கிடையாது. சில்வர் ஓக் நிழலில் நிறுத்திவிட்டு பானெட் சூடு ஆறும்வரை காத்திருப்பார். பிறகு மக்கில் மொண்டு மொண்டு கூரையிலிருந்து ஊற்றுவார். கை படவே படாது. கீழே வழியும் தண்ணீர் தெளிந்த பிறகுதான் துணியை எடுப்பார். சக்கரத்துக்கு வேறு துணி. கூடமாட நிற்கும் என்னிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வார், “மொதல்ல மண்ண எறக்கணும்டா, அப்பறந்தான் கைய வைக்கணும்.” அது அவர் வண்டிகூட இல்லை.

‘தண்ணீருக்கு எங்கே போவது?’ என்று கேட்டவருக்கு: ஹோஸ் தேவையில்லை, வாளி போதும். முதலில் மண் இறங்க ஊற்றுங்கள். அப்புறம் ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பக்கம் முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குள் விட வேண்டும். கடைசி அலசலுக்கு காவிரித் தண்ணீர் கிடைத்தால் நல்லது, போர் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு நிற்கும். துடைக்கும்போதும் தேய்க்காமல் மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள்.

‘செராமிக் கோட்டிங் போட்டிருக்கலாமே?’ போடலாம். கிளியர் கோட்டுக்கு மேல் போடும் மெல்லிய பூச்சு அது. தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு சுலபமாக விடும். ஆனால் கீறலைத் தடுக்காது. பிபிஎஃப் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினால் லேசான கீறல் வெயில் சூட்டில் மறையும், அதற்கு ஆகும் செலவே வேறு. எதைப் போட்டாலும் சரி, தூசி மேல் துணியை வைக்கக் கூடாது.

நேரமில்லை என்பவர்களுக்குப் பதில் இல்லை. நேரமில்லை என்றால் கழுவாதீர்கள். அதைத்தானே நானும் எழுதிக் கொடுத்தேன்!

என்னை நிஜமாகவே நோகடித்தது வேறொன்று. ‘கழுவுற பையன் பாவம், அவன் பொழப்புல மண்ணைப் போடாதே’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதினேனா? அவனுக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு துணி. டயருக்கும் அதுதான், பானெட்டுக்கும் அதுதான். கீழே விழுந்தால் உதறிவிட்டு மறுபடி அதே துணி. அடுத்த வண்டி நிற்கிறது என்று பின்னாலிருந்து விரட்டல் வேறு. நாலு நல்ல துணி வாங்கித் தராதவர்களை ஒன்றும் கேட்காமல் அவனைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்துகிறீர்கள். ஒரு டிரைவர் மகனைப் பார்த்து, உழைக்கிறவன் கஷ்டம் தெரியுமா என்கிறீர்கள்.

‘ஒரு காருக்கு இவ்வளவு அழுகையா?’ ஆமாம். மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டுகிற வண்டி. கறுப்புதான் வேண்டும் என்று காத்திருந்து எடுத்தேன், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். அப்பா இதில் ஏறவே இல்லை. ஒருவன் தன் பொருளைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டால் அதில் உங்களுக்கு என்ன சிரிப்பு?

இப்போது “ஃப்ரீயா பாலிஷ் போட்டுத் தர்றோம், விடுங்க சார்” என்று போன் வருகிறது. பாலிஷ் கீறலை மட்டும் எடுப்பதில்லை. கீறலின் ஆழம்வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டையும் சேர்த்துத் தேய்த்து எடுக்கும். அவர்கள் செய்த தப்புக்கு அந்த 40 மைக்ரானிலும் நான் இழக்க வேண்டும். மேலோட்டமாகப் போடும் பாலிஷ் என்றால் எண்ணெய்ப் பசையை நிரப்பிக் கீறலை மறைக்கும், சில தடவை கழுவினால் எல்லாம் திரும்பத் தெரியும். எனக்கு அது வேண்டாம். ‘கழுவ வேண்டாம் என்று எழுதியிருந்தும் கழுவினோம், தப்பு எங்களுடையது’ என்று ஒரு வரி எழுத்தில் கொடுக்கச் சொல்லி மெயில் அனுப்பியிருக்கிறேன். பதிவை எடுத்துவிடச் சொல்லி இன்பாக்ஸில் வரும் நண்பர்கள் முதலில் அந்த ஒரு வரியை அவர்களிடம் வாங்கித் தாருங்கள்.