சிந்தாத பாட்டில்

(தம்பி கையில் ஒரு வரைபடம், மேசையில் தண்ணீர் நிரப்பிய மாதிரி பாட்டில். அக்கா பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவர். இதைத் தம்பி வசதியாக மறந்துவிட்டான்.)

தம்பி: அக்கா, கை கழுவும் பம்ப் பாட்டிலின் வாயில் கவிழ்த்துச் சொருகி, திரவ சோப்பை ரீஃபில் செய்ய ஒரு பாட்டில் வடிவமைத்திருக்கிறேன். ஒரு சொட்டுகூடச் சிந்தாது.

அக்கா: கழுத்தின் உள்விட்டம் எவ்வளவு?

தம்பி: 4 மில்லிமீட்டர்.

அக்கா: சரிதான். சிந்தாது.

தம்பி: பார்த்தாயா!

அக்கா: ஊற்றவும் செய்யாது.

(தம்பி பாட்டிலைக் கவிழ்க்கிறான். தண்ணீர் அப்படியே நிற்கிறது. வாய் ஓரத்தில் ஒரு முத்து மட்டும் திரண்டு எட்டிப் பார்க்கிறது. உதறுகிறான். முத்து அக்காவின் கண்ணாடியில் விழுகிறது.)

தம்பி: இதெப்படி? புவியீர்ப்பு விசைக்கு இன்று விடுமுறையா?

அக்கா: அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வெளியே இருக்கிற காற்றும் கீழேயிருந்து தள்ளுகிறதே! காற்றழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்கும். உன் பாட்டில் ஒரு சாண்.

தம்பி: அப்படியானால் வாளியைக் கவிழ்த்தால் மட்டும் ஏன் மொத்தமாகக் கொட்டுகிறது?

அக்கா: வாய் அகலம். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறு பக்கம் காற்று ஏறும். வெளியே போன தண்ணீரின் இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து ஓட்டம் நின்றுவிடும். சாதாரண பாட்டில் கழுத்தில் இரண்டுக்கும் சேர்த்து இடம் போதாது. கொஞ்சம் தண்ணீர் இறங்கும், நிற்கும், ஒரு குமிழி உள்ளே போகும், மறுபடி தண்ணீர். அந்த 'குபுக் குபுக்' அதுதான். உன் கழுத்தில் குமிழிக்குக்கூட வழியில்லை. தண்ணீர் நிறைந்த குழாயின் விட்டம் சுமார் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பெரிய குமிழி தானாக மேலே ஏறாது, பரப்பு இழுவிசை பிடித்து வைத்துக்கொள்ளும். பிரெதர்ட்டன் என்பவர் 1961லேயே கணக்குப் போட்டு வைத்துவிட்டார்.

தம்பி: நான் ஊற்றப்போவது சோப்பு. அதற்குப் பரப்பு இழுவிசை குறைவு. நானும் படித்திருக்கிறேன்.

அக்கா: சரி, குமிழி நுழைந்துவிடும் என்றே வைத்துக்கொள். ஆனால் சோப்பு கெட்டி. குமிழி மேலே போய்ச் சேர்வதற்குள் நீ ஓய்வு பெற்றுவிடுவாய்.

தம்பி: பிதுக்கினால்?

(பிதுக்குகிறான். நன்றாகவே பீய்ச்சுகிறது. கையைத் தளர்த்தியதும் பாட்டில் 'குர்ர்' என்று காற்றை இழுத்துக்கொள்கிறது.)

அக்கா: கேட்டாயா, காற்று கேட்டு அழுகிறது. ரீஃபில் பை என்றால் இந்தத் தொல்லை இல்லை. திரவம் போகப் போகப் பை சுருங்கிக்கொள்ளும். சுருங்காத பாட்டிலுக்குக் காற்று உள்ளே போக ஒரு வழி வேண்டும்.

தம்பி: அவ்வளவுதானே? அடியில் ஒரு ஓட்டை போட்டுவிடுகிறேன்.

அக்கா: நிமிர்த்தி வைத்து மூடியைத் திறந்தால் அடியில் ஒழுகுமே.

தம்பி: ஓட்டைக்கு ஒரு குட்டி மூடி!

அக்கா: பெரிய கேன்களில் தோள்பக்கம் அப்படி ஒரு மூடி உண்டு. அதைத் திறந்துவிட்டு ஊற்றுகிறவர்களை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் கேனைக் குலுக்கிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அது கிடக்கட்டும், அந்த ஓட்டை இருந்தால் கீழே இருக்கிற பாட்டில் நிரம்பிய பிறகும் ஓட்டம் நிற்காது. மேசைக்கும் சேர்த்து ரீஃபில் ஆகும்.

தம்பி: (காகிதத்தில் வேகமாகக் கிறுக்கி) சரி, கழுத்தில் இரண்டு குழாய். ஒன்று சோப்புக்கு, ஒன்று காற்றுக்கு. இரண்டும் ஒரே நீளம். பார்க்க லட்சணமாக இருக்கும்.

அக்கா: லட்சணத்துக்குக் குறைச்சலில்லை. எது இறங்குவது, எது ஏறுவது என்று யார் முடிவு செய்வது? இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம் என்றால் 'நீங்கள் முதலில்', 'இல்லையில்லை, நீங்கள் முதலில்' என்று இரண்டும் நின்றுவிடும். வெளிமுனைகளை ஏற்ற இறக்கமாக வை. தாழ்ந்த முனையில் திரவம் இறங்கும், உயர்ந்த முனையில் காற்று ஏறும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் வைத்திருந்த 20 லிட்டர் எரிபொருள் கேனின் கழுத்திலேயே காற்றுக்கென ஒரு குட்டிக் குழாய் இருந்தது. அதனால்தான் அது விக்காமல் ஊற்றியது.

தம்பி: காற்றுக் குழாயின் உள்முனை எங்கே இருக்கட்டும்?

அக்கா: இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கழுத்துப் பக்கமே நிறுத்தினால் காற்று குமிழி குமிழியாகத் திரவத்துக்குள் ஏறும். மட்டம் குறைந்தாலும் ஓட்டம் ஒரே சீராக இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் மரியோத் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி சொன்ன பாட்டில் அந்த வகைதான். ஆனால் சோப்புக்குள் குமிழி விட்டால் என்ன ஆகும்?

தம்பி: நுரை.

அக்கா: பாட்டில் முழுக்க நுரை. அதனால் குழாயை நீளமாக விட்டு, அடிப்பக்கம் வரை கொண்டுபோ. கவிழ்த்ததும் அந்த முனை திரவத்துக்கு மேலே நிற்கும், காற்று சத்தமில்லாமல் போய்விடும். மட்டம் குறையக் குறைய ஓட்டம் மெதுவாகும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். குழாய்களை மட்டும் கொஞ்சம் தாராளமாக வை. கெட்டித் திரவம் ஒல்லிக் குழாயை மதிக்காது.

தம்பி: கீழே நிரம்பியதும் நிற்க வேண்டுமே?

அக்கா: தானாக நிற்கும். கீழே இருப்பது காலி பாட்டில் என்று நினைக்கிறாயா? அதில் காற்று இருக்கிறது. புனலை இறுக்கமாகச் சொருகினால் தண்ணீர் இறங்காமல் புனலிலேயே நிற்குமே, அந்தக் காற்றின் வேலைதான். உன் பாட்டிலில் அது காற்றுக் குழாய் வழியாக மேலே போய்விடும், இடம் மாற்றிக்கொள்ளும். கீழே மட்டம் ஏறி அந்தக் குழாயின் வெளிமுனையைத் தொட்டதும் காற்றுவழி அடைபடும். ஓட்டம் நின்றுவிடும். எவ்வளவு நிரம்ப வேண்டுமோ அந்த உயரத்தில் முனையை வைத்தால் போதும்.

தம்பி: அக்கா, நீ தெய்வம்!

அக்கா: வாயில் கீறல் போட்ட சிலிக்கோன் வால்வு ஒன்றும் போட்டுவிடு. சொருகும்போது கீழே இருக்கிற குச்சி குத்தித் திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும்.

தம்பி: அதெல்லாம் எதற்கு? செலவு. தானாகத்தான் நிற்கிறதே!

(அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மோல்டிங் பட்டறையில் பல வருடம் இருந்தவர்களுக்கு இந்த மௌனம் நன்றாக வரும். தம்பி இரண்டு உறிஞ்சு குழாய்களை வெட்டி, மெழுகு வைத்து ஒட்டி, சோப்பு நிரப்பி, விரலால் பொத்திக் கவிழ்க்கிறான். சோப்பு ஒரே கம்பியாக இறங்குகிறது. குபுக் இல்லை, விக்கல் இல்லை. கீழ் பாட்டிலின் கழுத்தருகே வந்ததும் கச்சிதமாக நிற்கிறது.)

தம்பி: நின்றுவிட்டது! நின்றுவிட்டது அக்கா!

அக்கா: மேல் பாட்டிலில் மீதி எவ்வளவு?

தம்பி: பாதிக்கு மேல். சரி, எடுத்துவிடவா?

அக்கா: எடு. முனை வெளியே வந்ததும் காற்றுவழி திறக்கும். மீதி மேசைமேல்.

தம்பி: (பிடியை விடாமல்) அப்படியானால் எப்போதுதான் எடுப்பது?

அக்கா: மேலே காலியானதும்.

தம்பி: மேலே எப்போது காலியாகும்?

அக்கா: கீழே இருப்பதை யாராவது கை கழுவித் தீர்த்தால், மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

தம்பி: அப்புறம் என்ன, வீட்டில் எல்லோரையும் கை கழுவ வரச் சொல்!

அக்கா: வரச் சொல்கிறேன். பம்ப் மூடியை எங்கே மாட்டுவது? அந்த வாயில்தான் உன் பாட்டில் சொருகியிருக்கிறதே.