டிரினிட்டியின் பழைய பர்சார்

ராமானுஜன் இருந்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குச் சொத்து எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று கேட்டால், எல்லாரும் ஜான் பிராட்ஃபீல்டு பெயரைச் சொல்வார்கள். 1970இல் அறிவியல் பூங்காவைத் தொடங்கிய பர்சார், அதாவது கல்லூரியின் பணத்தையும் சொத்தையும் நிர்வகிப்பவர். அந்தப் பெயருக்குத் தகுதியானவர்தான். ஆனால் 1929 முதல் 1956 வரை அதே நாற்காலியில் இருந்த டிரெசிலியன் நிக்கோலஸை ஏன் மறந்தோம்?

நிலவியல்காரர். முதல் உலகப்போரில் துருக்கியின் கலிப்போலியில் பிரிட்டிஷ் படைக்கு வரைபட வேலை பார்த்தவர். அங்கே தரையிறங்கிய படையின் கையில் இருந்தது 1854 வாக்கில் எடுத்த சர்வேயைப் பெரிதாக்கிய தாள். பெரிதாக்கினால் விவரம் கூடாது, பழைய பிழைதான் பெரிதாகும். பீரங்கிக்காரன் எதை நம்பிக் குறிவைப்பான்? பிறகு துருக்கியரிடம் கைப்பற்றிய வரைபடங்களை அச்சிட்டுத்தான் சமாளித்தார்கள்.

அவர் பர்சாராக இருந்தபோது, 1932இல், பிரிட்டிஷ் அரசு 5 சதவீதப் போர்க்கடன் பத்திரத்தை 3.5 சதவீதமாக்கியது. 10,000 பவுண்டுக்கு வருஷம் 500 வந்த இடத்தில் 350. போட்ட முதல் அப்படியே இருக்கிறது, வட்டியில் 30 சதவீதம் காலி! நிலமோ விவசாய மந்தத்தில் மலிந்து கிடந்தது. 1933இல் இங்கிலாந்தின் சஃபோக்கில், ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தை ஒட்டிய டிரிம்லி எஸ்டேட்டைக் கல்லூரி வாங்கியது. 3,000 ஏக்கருக்கு மேல். குத்தகை நிலம் சும்மா சோறு போடாது: வடிகால், கொட்டகைக் கூரை என்று பராமரிப்பு பெரும்பாலும் உரிமையாளர் தலையில் விழும். அதைத் தள்ளிப்போட்டால் நல்ல குத்தகைதாரர் போய்விடுவார், அடுத்தவர் குறைத்துக் கேட்பார்.

1943இல் வந்த சட்டம், நன்கொடையாளர்கள் கல்லூரிக்கு வைத்த தனித்தனி அறக்கட்டளைகளை ஒரே நிதியாகச் சேர்க்க வழிவிட்டது. இந்த மாதிரிப் பொது நிதியில்தான் கணக்கர்கள் சறுக்குவார்கள். நிதியில் 1,00,000 பவுண்டு, அதை 1,000 அலகாகப் பங்கிட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை மதிப்பு 1,20,000 ஆனபின் புதிதாக 12,000 வந்தால் 100 அலகுதான் தரவேண்டும். பழைய விலையில் 120 கொடுத்தால், அந்தக் கூடுதல் 20 முந்தைய நன்கொடையாளர்களின் பங்கிலிருந்து போகிறது. கலிப்போலியில் பழைய வரைபடத்தை வைத்துச் சுடுவது போலத்தான்.

அதே ஃபீலிக்ஸ்டோவில் 1967இல் கன்டெய்னர் முனையம் வந்தது. பின்னால் கட்டிய முனையத்துக்கு டிரினிட்டி என்றே பெயர். நிக்கோலஸ் இதையெல்லாம் 1933இலேயே ஞானதிருஷ்டியில் கண்டார் என்று கதைகட்டுவது அபத்தம். அன்று கன்டெய்னர் துறைமுகம் என்ற பேச்சே கிடையாது. பாராட்ட வேண்டியது, வாங்கிய நிலத்தைத் தன் காலத்தில் விற்றுத் தின்னாததை. 101 வயது வரை வாழ்ந்து 1989இல் மறைந்தவர், துறைமுகம் வளர்ந்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.