சபைச் சண்டையும் அரசு மருத்துவமனை வார்டும்

போன மாதம் எங்கள் மாவட்டக் கிறிஸ்தவ வாட்ஸ்அப் குழுவில் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பெரிய வாதம். தெளித்தால் போதுமா, தண்ணீரில் முழுக வேண்டுமா, குழந்தைக்குக் கொடுத்தது செல்லுமா செல்லாதா. இரவு பதினொரு மணி தாண்டியும் வசன எண்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: தருமபுரி அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்த்த பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் அவசரமாக வேண்டும். அதற்கு அடுத்த செய்தி ரோமர் ஆறாம் அதிகாரத்துக்கு ஒரு விளக்கம். அதற்குக் கீழே அந்த விளக்கத்துக்கு மறுப்பு. இரத்தம் கேட்டவருக்கு 'விசாரித்துப் பார்க்கிறேன்' என்றுகூட ஒருவரும் எழுதவில்லை. கடைசியில் இரத்தம் கிடைத்தது. கொடுத்தது பாலக்கோட்டுப் பையன் ஒருவன், ஒரு நடிகரின் ரசிகர் மன்றத்தில் இருப்பவன். எங்கள் குழுவுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை.

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சபைச் சண்டை எனக்குப் புதிதில்லை. அம்மா எலத்தகிரிக் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபை. வீட்டில் ஜெபமாலையும் இருந்தது, பாமாலைப் புத்தகமும் இருந்தது. கல்யாணத்தின்போது யார் யாருடைய கோயிலுக்கு வருவது என்று இரண்டு பக்கமும் பேசிய பேச்சைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனபோது அம்மா வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. அப்பா பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

இப்போது பட்டியல் நீண்டுவிட்டது. மாதாவிடம் வேண்டலாமா, ஓய்வுநாள் சனியா ஞாயிறா, கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா, அந்நியபாஷை பேசாதவருக்கு அபிஷேகம் உண்டா, கம்மல் போட்ட பெண்ணுக்குத் திருவிருந்து கொடுக்கலாமா. சென்னையில் யாரோ இரண்டு பிரசங்கியார்கள் யூடியூபில் மோதிக்கொண்டால் காரிமங்கலத்தில் இரண்டு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிடுகின்றன.

இதெல்லாம் பேச்சோடு போனால் பரவாயில்லை. சாவு வீடு வரைக்கும் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பிறந்து வளர்ந்தது ஒரு சபை, வயதான பிறகு பிள்ளைகளோடு போனது இன்னொரு சபை. இறந்தது சித்திரை வெயிலில். புதுச் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. பழைய சபையில், 'பெயரை எடுத்தாச்சு, சந்தாவும் கட்டவில்லை, இடம் தர முடியாது' என்றார்கள். மூத்த மகன் அம்மாவின் பழைய ஞானஸ்நானச் சான்றிதழை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பைக்கில் அலைந்தார். மத்தியானம் கரண்டு போய் ஃப்ரீசர் பெட்டி நின்றுவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து ஜெனரேட்டர் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. கூட்டத்துக்கு மோர் கரைத்து ஊற்றியவர்களும் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஊர்ப் பொதுச் சுடுகாட்டின் ஓரத்தில் குழி வெட்டினார்கள். இடம் கிடையாது என்று சொன்ன அந்தச் சபையின் கோயில் கட்டும்போது கல் சுமந்தவர் அந்தப் பாட்டி.

உபதேசத்தில் சின்னப் பிசகைக்கூடப் பொறுக்காதவர்கள், கல்லறையில் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதைப் பற்றி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. அதைவிடப் பெரிய கள்ள உபதேசம் வேறு என்ன?

நல்ல சமாரியன் கதையை எல்லாச் சபைகளிலும் ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அந்தக் கதை பிறந்ததே ஒரு வேத வாதத்தின் நடுவில்தான். நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவைச் சோதிக்க வந்து, எனக்குப் பிறன் யார் என்று கேட்கிறான். அதற்குப் பதிலாகத்தான் எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவன் வருகிறான். யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகையில் உபதேசச் சண்டையும் உண்டு. தொழ வேண்டிய இடம் எருசலேமா, கெரிசீம் மலையா என்பது அவர்களுக்குள் பெரிய வழக்கு. அந்த வழக்கில் இயேசு ஒரு பக்கம் நின்றவர். கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம், நீங்கள் அறியாததைத் தொழுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். யோவான் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆக, சமாரியரின் தொழுகை தவறு என்று கருதியவரேதான் ஒரு சமாரியனை நமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். எருசலேம் ஆலயத்தைச் சேர்ந்த ஆசாரியனும் லேவியனும் பக்கமாய் விலகிப் போனார்கள். சமாரியன் நின்றான், காயம் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். காயத்துக்கு எண்ணெய் வார்க்கும்போது கெரிசீம் மலையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

நமக்கு எரிகோ சாலை தொப்பூர்க் கணவாய். சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போகிற வண்டிகளை இடித்துத் தள்ளிய செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது. கன்வென்ஷனுக்கு வேன் வைத்துக்கொண்டு நாமும் அதே வழியாகத்தான் போகிறோம். போலீஸ், கோர்ட்டு என்று அலைய விடுவார்கள் என்ற பயம் பலருக்கு. விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர் மேல் வழக்கு வராது, பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் சேர்த்த 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன. அப்படி உதவுபவரை அந்தச் சட்டமே நல்ல சமாரியன் என்றுதான் அழைக்கிறது. இதை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் ஒரு சபையிலாவது வாசித்து நான் கேட்டதில்லை.

'அப்படியானால் சத்தியம் வேண்டாமா? வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டு ஆத்துமாவை விட்டுவிடுவதா?' என்று ஒரு பாஸ்டர் ஐயா கேட்டார். நல்ல மனிதர், நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார். அவரிடம் நான் கொல்லிமலை பிராண்ட் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்திலிருந்து வந்த ஜெஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்காரர்கள். உபதேசத்தில் கறாரானவர்கள், பிரசங்கமும் செய்தவர்கள். ஆனால் மலை ஜனங்கள் அவர்களிடம் வந்தது பல் பிடுங்கவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், காலில் இருந்து நரம்புச் சிலந்திப் புழுவை உருவி எடுக்கவும். புழு உள்ள காலைத் தண்ணீரில் வைத்தால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கி, அதைக் குடிப்பவர்களுக்குப் பரவும். அதனால் ஜனங்கள் தண்ணீரில் கால் வைக்காதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பச் சொல்லி ஊர் ஊராக வற்புறுத்தினார் ஜெஸி. 1929இல் மலேரியா முற்றிய காய்ச்சலில் அவர் அங்கேயே இறந்தார். எவலின் ஓய்வு பெறும் வயது வந்த பிறகு திரும்ப மலைக்கே போனார், கொல்லிமலையோடு நிற்காமல் கல்வராயன் மலை வரை. அரூர்ப் பக்கத்தில் நாம் பார்க்கிற அதே கல்வராயன். மூங்கில் தடி ஊன்றி நடந்துகொண்டு, 1974இல் 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்தியவர். அந்த சி.எம்.சி.யும் பல சபைகள் சேர்ந்து நடத்துவது. ஒரே சபை பிடித்து வைத்திருந்தால் அது இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் வழியாகத் திருப்பத்தூர் போனால் கிறிஸ்துகுல ஆசிரமம். 1921இல் சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழ் டாக்டரும் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் சேர்ந்து தொடங்கியது. பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் ஜனங்கள் அவர்களைக் கூப்பிட்டார்கள். ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டு, கதர் கட்டிக்கொண்டு, கோபுரம் வைத்த தமிழ்க் கோயில் பாணியில் ஜெபாலயம் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

சரி, வார்டுக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் பிள்ளைகள் பெங்களூரில் கட்டட வேலை, இல்லையென்றால் திருப்பூர் பனியன் கம்பெனி. ஊரில் வயதானவர்கள் மட்டும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் 108 ஆம்புலன்ஸ் வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் கஷ்டம். 'கூட யாரு?' என்று நர்ஸ் கேட்பார். ஆள் இல்லை. ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போக, சீட்டு வாங்க, கஞ்சி ஊட்ட, மலம் எடுக்க ஒரு ஆள் வேண்டும். இத்தனை படுக்கைக்கு இருக்கிற நர்ஸுகளை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களால் முடிந்ததைவிட அதிகமாகவே செய்கிறார்கள்.

நாங்கள் கொஞ்சம் பேர் முறை வைத்துப் போகிறோம். அதில் இரண்டு அக்காமாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் அன்பியம் என்ற கத்தோலிக்க அக்கம்பக்கக் குழுவில் இருப்பவர், கழுத்தில் எப்போதும் ஜெபமாலை. இன்னொருவர் பெந்தெகொஸ்தே, வெள்ளைப் புடவை, உடம்பில் பொட்டு நகை கிடையாது. பென்னாகரம் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். வெள்ளைப் புடவை அக்கா தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்துத் தாங்கிக்கொள்வார். மற்றவர் நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி உப்புநீரில் பஞ்சை நனைத்து ஓரத்திலிருந்து மெதுவாகத் துடைத்து, புதுக் கட்டு வைத்து ஒட்டுவார். நாற்றம் அடிக்கும். இரண்டு பேரும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை. 'வலிக்குது கண்ணு' என்பார் பாட்டி. 'இதோ ஆச்சு ஆயா' என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொல்வார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாது. வேலை முடிந்து டீக்கடையில் உட்காரும்போது மாதாவைப் பற்றிப் பேச்சு வரும், குரலும் உயரும். இரண்டு பேரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. மறுநாள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். வாதத்துக்கு அதுதான் சரியான இடமென்று எனக்குப் படுகிறது: வேலை முடிந்த பிறகு, டீக்கடையில்.

கைப்பிரதி எடுத்து வரக்கூடாது, கேட்காமல் சத்தமாக ஜெபிக்கக்கூடாது, எந்தச் சபை என்று நோயாளியிடம் சொல்லக்கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசிவிட்டோம். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன், 'மதம் மாத்த வந்திருக்கீங்களா?' என்று நேராகவே கேட்டார். அவர் சந்தேகப்படுவதில் தப்பில்லை. உதவியைத் தூண்டில் ஆக்கியவர்கள் நம்மில் இருந்திருக்கிறார்கள். வெள்ளைப் புடவை அக்காவுக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. 'ஜெபம் பண்ணாம எப்படிம்மா?' என்றார். மனசுக்குள் பண்ணுங்க அக்கா என்றேன். இப்போது உதடு மட்டும் அசையும்.

சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதிக்குப் பக்கத்தில் இரத்த வகையையும் எழுதி வைக்கச் சொல்லி ஃபாதர், ஆயர், பாஸ்டர் எல்லோரிடமும் கேட்டு வருகிறோம். இரண்டு இடத்தில் சரி என்றிருக்கிறார்கள். கல்லறை விஷயத்திலும், செத்தவர் கிறிஸ்தவர் என்றால் சபை பார்க்காமல் இடம் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்கப் போகிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

பெண்கள் வார்டுக்கு இப்போதைக்கு ஆள் போதும். ஆண்கள் வார்டில் இரவு தங்கத்தான் ஆள் இல்லை. நல்லம்பள்ளி, இண்டூர், தருமபுரி டவுன் பக்கத்து அண்ணன் தம்பிகள் வாரத்தில் ஒரு இரவு வர முடிந்தால் போதும். எந்தச் சபையாக இருந்தாலும் சரி, சபையே இல்லாவிட்டாலும் சரி. ஒரு போர்வையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்து வாருங்கள். ஆளைத் தூக்கிப் புரட்டுவது எப்படி என்று வந்த அன்றே சொல்லிக்கொடுத்துவிடுவோம்.